அறப்பணம் வந்த வழி – 9: புதுப்பாளையத்துப் பற்றுவரவு

ஊர்ச்சபையிடம் 96 ஆடுகளை ஒப்படைத்து, அவற்றின் நெய்யால் கோயிலில் நந்தா விளக்கு எரியச் செய்த சோழர் காலத்து ஏற்பாட்டை முந்தைய பகுதிகளில் பார்த்தோம். ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் அதைச் சொல்கின்றன. கிழடு தட்டிய ஆட்டுக்குப் பதில் குட்டி வந்து சேரும். மந்தையின் எண்ணிக்கை குறையாது. முதல் அப்படியே நிற்க, பலன் மட்டும் செலவாகும். அது நுட்பமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் விளக்குக்குப் பஞ்சம் தெரியாது. மழை பெய்த ஆண்டிலும் பொய்த்த ஆண்டிலும் அதற்கு அதே உழக்கு நெய் போதும். மனிதருக்கென்று திரட்டிய பணம் அப்படி ஒரே அளவாகச் செலவாவதில்லை. ஒரு வருடம் யாரும் வந்து கேட்கமாட்டார்கள். அடுத்த வருடம் பத்து ஊர் சேர்ந்து வந்து வாசலில் நிற்கும். அந்த நாளில் யாருக்கு, எவ்வளவு, எந்த வடிவில் கொடுப்பது? அதை யார் முடிவு செய்வது? கொடுத்தவரா, வாங்குபவரா, நடுவில் கணக்கு வைத்திருப்பவரா?

சேலம், நாமக்கல் சமவெளி இந்தக் கேள்வியை இரண்டு முறை கடுமையாகச் சந்தித்தது. முதல் முறை 1877இல், தாது வருடப் பஞ்சத்தில். இரண்டாவது முறை 1925இல், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள புதுப்பாளையத்தில்.

தாது வருடப் பஞ்சம் சேலம் ஜில்லாவை என்ன செய்தது என்பதற்குக் குடிக்கணக்கே சாட்சி. 1871இல் ஜில்லாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம். 1881இல் எண்ணியபோது சுமார் 16 லட்சம். பத்தாண்டில் கூடியிருக்க வேண்டிய தொகை மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருந்தது. செத்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், பிறக்காமலே போனவர்கள் எல்லோரும் அந்த இடைவெளிக்குள் அடக்கம். அரசின் நிவாரணம் என்பது வீட்டைவிட்டுத் தொலைவில் போய் மண் வெட்டுவதும் கல் உடைப்பதுமாக இருந்தது. சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877இன் தொடக்கத்தில் வந்து, வேலை செய்கிற ஆளுக்கே நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். உடம்பில் ஏற்கனவே வலுவில்லாதவர்கள் அந்த ஒரு ராத்தலைச் சம்பாதிக்க முகாமுக்கு நடந்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு லண்டன் மேயருக்கு வேண்டுகோள் அனுப்ப, அங்கே பொதுமக்களிடம் பணம் திரண்டது. சென்னையில் அதை நிர்வகித்த குழுவின் கௌரவச் செயலாளர் வில்லியம் டிக்பி என்ற பத்திரிகையாளர். பணத்தை வாங்கிய முறையைவிட வகுத்த முறைதான் நமக்கு முக்கியம். உயிரைக் காப்பது அரசின் பொறுப்பு என்று வரம்பு கட்டினார்கள். அரசின் கை எட்டாதவர்களுக்கு உதவி, அநாதைக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு, கட்டத் துணியில்லாத பெண்களுக்குத் துணி, மழை வந்த பிறகு குடியானவனுக்கு விதையும் உழவு மாடும் வீட்டுக்குக் கூரையும் என்று நிதியின் வேலையைப் பிரித்தார்கள். சென்னையில் ஒரு பொதுக்குழு, வெளியூர்களில் உள்ளூர்க் குழுக்கள். அந்தந்தக் குழு பட்டியல் எழுதும், பணம் அதன் வழியாகப் போகும். வைஸ்ராய் லிட்டனுக்கு இந்த நிதி பிடிக்கவில்லை. அரசின் ஏற்பாட்டுக்குள் இது குறுக்கிடும் என்று அஞ்சினார். ஆனால் உழவு மாடு செத்துப்போன குடியானவனுக்கு மழை பெய்தும் பயனில்லை என்பதை இந்த நிதி புரிந்துகொண்டிருந்தது. இந்திய நிவாரண வரலாற்றில் அது பெரிய எட்டு என்றே நான் கருதுகிறேன். அதன் குறை என்னவென்றால், உள்ளூர்க் குழுக்களில் அமர்ந்தவர்கள் அதிகாரிகளும் பாதிரிமார்களும் ஊர்ப் பெரியதனக்காரர்களும்தான். குடியானவன் அங்கே பட்டியலில் ஒரு பெயராக மட்டுமே இருந்தான்.

இனி 1925க்கு வருவோம்.

காவிரி ஒரு பக்கமும் சங்ககிரி, திருச்செங்கோட்டு மலைகள் ஒரு பக்கமுமாகக் கிடக்கிற இந்த நிலம் அன்று முழுக்க மானாவாரியும் கிணற்றுப் பாசனமும்தான். மேட்டூர் அணைக்கு அந்த 1925இல்தான் வேலை தொடங்கியது. கட்டி முடிய 1934 ஆனது. சோளம், கம்பு, நிலக்கடலை, கொஞ்சம் பருத்தி. கிணற்றில் தண்ணீர் வற்றினால் கவலை ஓட்டும் மாட்டுக்கும் வேலையில்லை, மனிதனுக்கும் வேலையில்லை. மழை தொடர்ந்து ஏமாற்றிய சமயம் அது.

சேலத்தில் வக்கீல் தொழில் செய்து பெயரெடுத்து, 1917இல் சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்த சி. ராஜகோபாலாச்சாரியார் (ராஜாஜி) தொழிலை விட்டு அப்போது ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் ஆசிரமம் அமைக்கப் புதுப்பாளையம் ஜமீன்தார் இரத்தினசபாபதி கவுண்டர் நிலம் கொடுத்தார். 1925 பிப்ரவரி 6 அன்று அங்கே காந்தி ஆசிரமம் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் தமிழ்நாடு கதர் வாரியத்தின் பொறுப்பில் இருந்த ஈரோட்டு ஈ.வெ. ராமசாமி. அடுத்த மாதமே காந்தி வந்து பார்த்துவிட்டுப் போனார். கே. சந்தானம் போன்றவர்கள் குடும்பத்தோடு வந்து தங்கினார்கள். தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளும் அங்கே வாழ்ந்தார்கள். எல்லோருக்கும் ஒரே சமையல், ஒரே பந்தி. சுற்றுவட்டாரத்தில் அன்று அது எளிதில் செரிக்கிற செய்தி அல்ல.

பந்தி என்றதும் அதே மாதங்களில் தமிழ்நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்த இன்னொரு பந்தியைச் சொல்லாமல் நகர முடியாது. அதுவும் அறப்பணத்தின் கதைதான். திருநெல்வேலிச் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதல் தவணையாக 5,000 கொடுத்திருந்தது. மலாயாத் தமிழர்களும் பணம் அனுப்பியிருந்தார்கள். அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போடுகிறார்கள் என்ற செய்தி வெளியே வந்தது. மீதி 5,000ஐத் தர முடியாது என்று கமிட்டிச் செயலாளராக இருந்த ஈ.வெ.ரா. மறுத்தார். இராசிபுரத்தில் பிறந்து சேலத்தில் வாழ்ந்த டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு, தான் சேலத்தில் தொடங்கிய ‘தமிழ்நாடு’ பத்திரிகையில் இதைப் பெரிய போராட்டமாகவே நடத்தினார். எல்லாச் சாதியாரும் போட்ட பணத்தில் நடக்கிற இடத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்பதுதான் அவர்கள் தரப்பு. ஏப்ரல் மாதம் திருச்சியில் கமிட்டி கூடி, தேசிய இயக்கத்தில் ஈடுபட்ட நிறுவனங்கள் பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அதை ஒட்டி எழுந்த மனவருத்தத்தில் ராஜாஜியும் அவர் நண்பர்களும் கமிட்டியை விட்டு விலகினார்கள். ஜூன் 3ஆம் தேதி ஐயர் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார்.

அந்தச் சர்ச்சையின் அரசியல் பக்கத்தை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். பணத்தின் பக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. தவணையாகக் கொடுப்பது, முதல் தவணை எப்படிச் செலவானது என்று பார்ப்பது, நிபந்தனை மீறப்பட்டால் மீதியை நிறுத்துவது எல்லாம் இன்று எந்த அறக்கட்டளையும் செய்கிற காரியங்கள். 1925இல் தமிழ்நாட்டில் ஒரு பொது அமைப்பின் செயலாளர், பெரிய தேசபக்தர் ஒருவரின் முகத்துக்கு நேரே அதைச் செய்தார். கொடுத்த பிறகு கொடையாளியின் கேள்வி முடிந்துவிடுவதில்லை என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது. அந்தத் துணிவுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

புதுப்பாளையத்தில் கேள்வி வேறு திசையில் எழுந்தது. மழை இல்லை, காட்டில் வேலை இல்லை. ஆசிரமத்தின் கையில் இருந்தது கதர் வேலைக்கென்று வந்த பொதுப்பணம். அதைக் கஞ்சித்தொட்டி வைத்துக் கரைத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் சில வாரங்களில் தீர்ந்திருக்கும். ஆசிரமம் அந்தப் பணத்தில் பஞ்சு வாங்கியது.

அந்தச் சுற்று எப்படி ஓடியது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. பஞ்சை நூற்கிற பெண்ணிடம் கொடுப்பார்கள். அவள் தன் வீட்டுத் திண்ணையில் ராட்டையில் நூற்று, சிட்டமாக்கிக் கொண்டுவருவாள். நூலை நிறுத்துப் பார்த்து, முறுக்கும் சீரும் பார்த்து, நூற்ற கூலியைக் காசாகக் கொடுத்து, அடுத்த சுற்றுக்குப் பஞ்சும் கொடுப்பார்கள். அந்த நூல் நெசவாளர் வீட்டுக்குப் போகும். அவருக்கு நெசவுக் கூலி. துணி கதர்க் கடைக்குப் போய் விற்று, பணம் ஆசிரமத்துக்கே திரும்பி வரும். திரும்பி வந்த பணம் மறுபடியும் பஞ்சாகும். ஒரு ரூபாய் இப்படிப் பல கை மாறியும் அழிவதில்லை. துணி விற்காமல் தேங்கினால்தான் ஆபத்து. அப்போது முதல் முழுக்கக் கிடங்கில் மூட்டையாகக் கிடக்கும், நூலோடு வருகிற பெண்ணுக்குக் கொடுக்கக் காசிருக்காது. ஆகவே சென்னையிலோ மதுரையிலோ ஒருவர் கதர் வாங்கினாரா இல்லையா என்பது புதுப்பாளையத்து அடுப்போடு நேராகப் பிணைந்திருந்தது. சாவா மூவாப் பேராடு மறுபடியும் உயிர்பெற்று, இந்த முறை மனிதருக்குப் பயன்பட்டது என்று சொல்லலாம்.

வறட்சி முற்றியபோது சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் மைல் கணக்கில் நடந்து நூலோடு வந்தார்கள். கூலி சொற்பம், நாளெல்லாம் நூற்றாலும் ஓரணாவைச் சுற்றித்தான் வரும். ஆனால் 1877இன் நிவாரண முகாமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டுத் தொலைவுக்குப் போக வேண்டாம். வயதான தாயாரும் நூற்கலாம். வேலை வீட்டுக்கு வந்தது. இந்த விவரங்களை ராஜாஜி எழுதியனுப்ப, காந்தி ‘யங் இந்தியா’வில் வெளியிட்டு, பஞ்ச நிவாரணத்துக்கு ராட்டை எவ்வளவு பொருத்தம் என்று நாடு முழுவதற்கும் எடுத்துச் சொன்னார்.

பணம் எங்கிருந்து வந்தது? 1921இல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஒரு கோடி ரூபாய் என்று இலக்கு வைத்து, ஜூன் 30க்குள் திரட்டி முடித்தார்கள். கதருக்கு முதன்முதலில் பெரிய முதல் அந்த வழியாகக் கிடைத்தது. 1925 ஜூனில் சித்தரஞ்சன் தாஸ் மறைந்ததும் அகில இந்திய தேசபந்து நினைவு நிதி என்று ஒன்று தொடங்கி, அதையும் ராட்டைக்கும் கதருக்கும் என்றே ஒதுக்கினார் காந்தி. செப்டம்பரில் பாட்னாவில் அகில இந்திய சர்க்கா சங்கம் பிறந்தது. காந்தி தலைவர், ஜம்னாலால் பஜாஜ் பொருளாளர், ஷங்கர்லால் பாங்கரும் ஜவாஹர்லால் நேருவும் செயலாளர்களில் இருவர். காங்கிரசின் அங்கமாகவே இருந்தாலும் சங்கம் தனித்து இயங்கும், அதன் பணத்தின் மீது அதற்கே அதிகாரம் என்று அமைப்பு விதியிலேயே எழுதிவைத்தார்கள். தேர்தலும் கோஷ்டிச் சண்டையும் நடக்கிற கட்சியின் கையில் நூற்பவளின் கூலி சிக்கக் கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது. தமிழ்நாட்டுக் கிளையின் தலைமையிடம் திருப்பூர் ஆயிற்று. 1927இல் காந்தி தமிழ்நாடெங்கும் சுற்றி, நவம்பரில் ராஜாஜியோடு இலங்கைக்கும் போய், கதர் நிதிக்குப் பணப்பை வாங்கினார். கொழும்பில் ஒரு கூலிக்காரர் போட்ட காசும் இந்தச் சுற்றில்தான் சேர்ந்தது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1914இல் பிரெடரிக் காஃப் என்ற வங்கிக்காரர் ஊர் அறக்கட்டளை என்ற வடிவத்தைத் தொடங்கிவைத்தார். பலருடைய கொடையை ஒரே நிதியாக்கி, காலத்துக்குத் தக்கபடி எதற்குச் செலவிடுவது என்பதை ஊர்க்காரர்கள் அடங்கிய குழுவிடம் விடுவது அதன் சாரம். செத்துப்போன கொடையாளியின் பழைய நிபந்தனை, உயிரோடிருக்கிறவர்களின் தேவையைக் கட்டிப்போடக் கூடாது என்பது அவருடைய எண்ணம். புதுப்பாளையத்துக்காரர்கள் காஃபைப் படித்துவிட்டு வந்தவர்கள் அல்லர். ஆனாலும் பாதி தூரம் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பம்பாயிலோ கொழும்பிலோ கொடுத்தவர், எந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பஞ்சு என்று சொல்லவில்லை. அங்கேயே குடியிருந்து, அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள் முடிவு செய்தார்கள். ஆசிரமம் மருந்தகம் நடத்தியது, கள்ளுக்கு எதிராக ஊர் ஊராகப் பேசியது. கூலியாக வாங்கிய காசு கள்ளுக்கடைக்குப் போனால் சுற்று உடைந்துவிடும் என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டார்கள். 1929இல் ‘விமோசனம்’ என்ற மதுவிலக்குப் பத்திரிகை அங்கிருந்து வந்தது, கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி அதில் வேலை பார்த்தார். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கைச் சேலம் ஜில்லாவில்தான் முதலில் கொண்டுவந்தது. பிற்பாடு வாசகர்கள் அனுப்பிய சிறுசிறு தொகைகளால் எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்பி 1947இல் திறந்த கல்கிக்கு, பொதுப்பணத்தின் பொறுப்பு என்னவென்று இந்த ஆசிரமத்து ஆண்டுகளிலேயே பழகியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சர்க்கா சங்கத்தில் உறுப்பினராவதற்குச் சந்தா காசு அல்ல, நூல். முதல் வகுப்பு உறுப்பினர் மாதம் ஆயிரம் கெஜம் தன் கையால் நூற்றுத் தர வேண்டும். எப்போதும் கதரே உடுத்த வேண்டும். பணக்காரனும் ஏழையும் ஒரே சந்தா கட்டுகிற அருமையான யோசனை. ஆனால் கூலிக்கு நூற்ற பெண்ணால் தான் நூற்ற கதரை வாங்கிக் கட்ட முடியவில்லை. மில் துணிதான் அவளுக்குக் கட்டுப்படியாயிற்று. ஆகவே மாதம் ஆயிரம் கெஜத்தைப் போலப் பல மடங்கு நூற்றும் அவள் உறுப்பினர் அல்ல. நிர்வாகக் குழுவில் அவளுக்கு இடமில்லை. கூலி எவ்வளவு என்பதை அவளைக் கேட்டு யாரும் வைக்கவில்லை. விலை ஏறினால் நகரத்தில் கதர் விற்காது என்ற அச்சத்தில் பத்தாண்டு அந்தக் கூலி மிகக் குறைவாகவே நின்றது.

1935இல் இந்தக் கேள்வியைக் காந்தியே எழுப்பினார். எட்டு மணி நேரம் நூற்றால் எட்டணா கிடைக்க வேண்டும் என்றார். சங்கத்தில் அனுபவம் உள்ளவர்கள் திகைத்தார்கள்; விற்பனை படுத்துவிடும், ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலையே போய்விடும் என்று வாதிட்டார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. கடைசியில் மூன்றணா என்ற அளவில் தொடங்கினார்கள். கூலியில் ஒரு பகுதியை நூற்பவள் கதராக எடுத்துக்கொள்ளவும் ஏற்பாடு வந்தது. வாங்குகிறவருக்கு மலிவா, செய்கிறவளுக்குச் சோறா என்ற அந்தத் தராசில் காந்தி எந்தப் பக்கம் நின்றார் என்பது தெளிவு. ஆனால் நூற்பவளின் பக்கத்தைப் பேசக் காந்தி வேண்டியிருந்தது, அவளே பேச வழி இருக்கவில்லை என்பதை 1877இன் உள்ளூர்க் குழுக்களோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். ஐம்பத்தெட்டு ஆண்டுகளில் எவ்வளவோ மாறியும் அந்த ஒரு நாற்காலி போடப்படவில்லை. இன்றும் நம் ஊர்களில் கோயில் கட்டளை, சங்க நிதி, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி எதை எடுத்தாலும் அந்த நாற்காலியைத்தான் முதலில் தேட வேண்டும்.

சங்கத்தின் கணக்குக்கு இன்னொரு சோதனை வருமான வரி இலாகாவிடமிருந்து வந்தது. பஞ்சு வாங்கித் துணி விற்கிற நீங்கள் வியாபாரிதானே, வரி கட்டுங்கள் என்றார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் சங்கம் தோற்றது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1944இல் லார்ட் ரைட் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். ஏழைகளுக்கு வேலை கொடுத்து அவர்கள் வறுமையைப் போக்குவது அறம்தான். காங்கிரசோடு தொடர்பு இருப்பதால் மட்டும் அது அரசியல் ஆகிவிடாது. இந்தியச் சட்டத்தில் உள்ள அறநோக்கம் என்பதை அதன் சொற்களைக் கொண்டே பொருள்கொள்ள வேண்டும், இங்கிலாந்தின் பழைய வழக்குகளைக் கொண்டு அல்ல என்றது தீர்ப்பு. அறக்கட்டளைகளின் வரிவிலக்கைப் பற்றி இன்று நடக்கிற வழக்குகளிலும் வக்கீல்கள் அந்தத் தீர்ப்பை எடுத்துப் பேசுகிறார்கள். கூலியாகக் கொடுத்ததும் கொடைதான் என்று சட்டம் ஒப்புக்கொண்டதற்கு, புதுப்பாளையம் போன்ற ஊர்களின் பற்றுவரவு ஏடுகளே அடிப்படை.

ஆசிரமம் இப்போதும் இருக்கிறது. 1997இல் நாமக்கல் மாவட்டம் தனியாகப் பிரிந்தபோது அதுவும் சேலத்தை விட்டு நாமக்கல்லுக்கு வந்தது. கதர் நெசவும் கிராமத் தொழில்களும் தொடர்கின்றன.

1933 நவம்பரில் வார்தாவிலிருந்து காந்தி ஹரிஜன நிதிக்காகப் புறப்பட்ட பயணம் அடுத்த இதழில். அந்தப் பணத்தைப் பங்கிடுவதில் அம்பேத்கர் தரப்பு எழுப்பிய கேள்வியும், தாழ்த்தப்பட்டவர்களுக்கான சங்கத்தின் நிர்வாகத்தில் தாழ்த்தப்பட்டவர்களுக்கு இடம் உண்டா என்ற விவாதமும் அதில் வரும்.

(தொடரும்)